பல்லாண்டுப் புல்லின் ஆறு மாதம்

தில்லியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஐப்பசி பிறக்கும் வேளையில், பசுமையாகவே இருக்கும் புல்வெளிகளை ஒட்ட வெட்டி அவற்றின்மேல் வேறொரு புல்லின் விதையைத் தூவுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. இருக்கிற புல்லின்மேல் எதற்காக இன்னொரு புல்? நான்கு ஆண்டுகளாக வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். வேளாண் கலைச்சொற்கள் இந்திக்கும் தமிழுக்கும் இடையே எவ்வாறு பெயர்கின்றன என்பது என் ஆய்வுப் பொருள். மாலை வேளைகளில் பெண்கள் கால்பந்து அணியில் விளையாடுகிறேன். இவ்விரண்டையும் அறிந்தவர்கள் சென்ற ஆண்டு வளாகத் திடல் குழுவில் மாணவர் சார்பாளராக என்னை அமர்த்தினார்கள். அங்கே கற்றதையும், அங்கே எழுந்து இன்றும் தீராமல் இருக்கும் ஒரு வழக்கையும் இங்கே எழுதுகிறேன். பதிவு நீண்டது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் புல்லைப் பற்றி. வட இந்தியப் புல்வெளிகளின் அடித்தளம் நம் அறுகுதான். இந்தியில் தூப், வடமொழியின் தூர்வா என்ற சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கில் கரிக, கன்னடத்தில் கரிகே, மலையாளத்தில் கறுக. தாவரவியலில் சைனோடான் டாக்டிலான்; 'நாய்ப்பல்' என்பது சைனோடானின் பொருள். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தின் புல்தரையும் இதே இனம்தான். கல்கத்தாவின் பெல்வெடேர் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் பருவமழைக்குமுன் புல்தரையையே பெயர்த்தெடுத்துப் புதுமண் பரப்புகிறார்கள். மூன்று வாரங்களில் அறுகு மறுபடி மூடிவிடுகிறது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுக என்று நாம் வாழ்த்துவது வெறும் மங்கல வழக்கன்று. அச்செடியின் இயல்பைக் கண்டறிந்தவர்கள் சொன்ன சொல்.

ஆயினும் அறுகுக்குக் குளிர் ஆகாது. அது சி4 வகைத் தாவரம். ஒளிச்சேர்க்கையில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மம் முதலில் உருவாவதால் இப்பெயர். இவ்வகைப் புற்கள் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மிகச் செழிப்பாக வளர்வன. மண்ணின் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும்போது இலைகள் வெளிறிப் பழுப்பாகி, செடி தரைக்கீழ்த் தண்டுகளில் உணவைச் சேமித்துக்கொண்டு உறங்கிவிடும். அது சாவன்று, உறக்கம். தில்லியில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7, 8 டிகிரி அளவில் இருப்பதால், மார்கழி நடுவிலிருந்து மாசி வரை அறுகு இவ்வுறக்கத்திலோ அரைத்தூக்கத்திலோ இருக்கும். சென்னையில் அதே மாதத்தில் அது 20 டிகிரிக்குக் கீழே செல்வது அரிது. அங்கே அறுகு உறங்குவதே இல்லை. ஆகவே உறங்கும் புல்லின்மேல் குளிர்காலப் புல்லை விதைக்கும் தேவையும் சமவெளித் தமிழ்நாட்டில் இல்லை.

தேவை இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை. குழுவின் முதல் கூட்டத்திற்குமுன் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினேன். 'மேல்விதைப்பு' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துவிடலாம். ஆனால் நான் காவிரிப் படுகையில் பிறந்தவள். எங்கள் ஊரில் தை மாதத்தில், நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, நிற்கும் நெல்லின் ஊடே ஈர மண்ணில் உளுந்தையும் பயறையும் கையால் தெளிப்பார்கள். நெல் தரிசுப் பயறு என்று வேளாண் துறையினர் எழுதுவார்கள். 'உளுந்து தெளிக்கிறது' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஒரு பயிர் விடைபெறும்போதே அதன் நிழலில் அடுத்ததைத் தொடங்கிவைக்கும் நுட்பம் நமக்குப் புதிதன்று. எனவே இதனை 'ஊடுதெளிப்பு' என்று எழுதப்போகிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். உளுந்து தெளித்த வயலில் நெல் அறுபட்டுப் போய்விடும். ஊடுதெளித்த திடலிலோ அறுகு அடியிலேயே இருக்கிறது. வெயில் வந்ததும் தன் இடத்தை அது திரும்பக் கேட்கும். எந்தப் புல்லைத் தெளிப்பது என்ற கேள்வி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நிற்கிறது.

தெரிவுக்கு உரிய புற்கள் யாவும் சி3 வகை. 15 முதல் 24 டிகிரி வரை அவற்றுக்கு ஏற்ற காலம். அவற்றுள் முதன்மையானவை ரை புற்கள். ஓராண்டு ரை புல்லின் விதை மலிவு. விரைந்து முளைக்கும். இலை அகன்றும் வெளிர்பச்சையாகவும் இருக்கும். கிடுகிடுவென வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டும். வெயில் ஏறத் தொடங்கியதும் முதலில் மடிவது இதுவே. பஞ்சாபில் இதைக் குளிர்காலத் தீவனமாகவும் பயிரிடுகிறார்கள். பல்லாண்டு ரை புல்லின் இலை மெல்லியது, நிறம் கரும்பச்சை, மிதிபடுவதைத் தாங்கும் ஆற்றல் மிகுதி, விலையும் கூடுதல். இரண்டையும் கலந்து உருவாக்கிய இடைநிலை ரை புல்லும் உண்டு. இவை மூன்றும் மண் கதகதப்பாக இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும்.

போவா டிரிவியாலிஸ் என்ற புல்லைக் கோல்ஃப் திடல்களில் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான பரப்புக்குப் பயன்படுத்துவர். அதன் விதை மிக நுண்ணியது. ரை புல்லில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 விதைகள் என்றால் இதில் 5,000க்கு மேல். மிக ஒட்ட வெட்டினாலும் தாங்கும். ஆனால் காலணி ஆணிகளுக்கும் வெயிலுக்கும் தாங்காது. கென்டக்கி நீலப்புல் முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரே ஒரு குளிர்காலத்தை நம்பியிருக்கும் திடலுக்கு அவ்வளவு காலத்தாழ்வு கட்டுபடியாகாது. உயர் ஃபெஸ்க்யூ வலிமையான புல். ஆனால் கொத்துக் கொத்தாக நின்று, போக வேண்டிய காலத்திலும் போகாமல் அறுகின் நடுவே களையாகிவிடும். ஆக, கால்பந்துத் திடலைப் பொறுத்தவரை தெரிவு ரை புற்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இவ்வளவையும் தெளிவாக வைத்துக்கொண்டு சென்ற கூட்டத்தில், சிக்கல் புல்லில் எழவில்லை, பெயரில் எழுந்தது.

நிர்வாகம் அணியப்படுத்திய ஒப்பந்தக் குறிப்பில் 'பல்லாண்டுக் குளிர்காலப் புல், என்றும் பசுமையானது' என்று எழுதப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் பல்லாண்டு விதை ஓராண்டு விதையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. குழு உறுப்பினர் ஒருவர், கணக்கில் தேர்ந்தவர், ஒரு வாதம் வைத்தார்: இருமடங்கு கொடுத்தாலும் ஒருமுறைச் செலவுதானே, பல்லாண்டுப் புல் ஆயிற்றே, அடுத்த ஆண்டு வாங்க வேண்டாமே! சொல்லை நம்பினால் வாதத்தில் குறையில்லை. ஆனால் அந்தச் சொல் வேறொரு நிலத்தில் பிறந்தது. லோலியம் பெரென்னே என்று 1753இல் லின்னேயஸ் பெயரிட்டபோது அவர் கண்முன் இருந்தது ஐரோப்பியக் கோடை. அங்கே அது பல ஆண்டு வாழும் செடி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் தில்லிச் சமவெளியில் அதே செடிக்கு ஆயுள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, ஆறு மாதம். 'பல்லாண்டு' என்பதைச் செடியின் மாறாப் பண்பாகக் கொண்டால் ஏமாறுவோம். செடியும் ஓர் ஊரும் சேர்ந்து நிற்கும் உறவையே அச்சொல் சுட்டுகிறது. 'இங்கே', 'நேற்று' போன்ற சுட்டுச்சொற்களைச் சொல்பவரின் இடமும் காலமும் அறியாமல் பொருள் கொள்ள முடியாது என்று முதுகலை வகுப்பில் படித்தோம். விதைப்பையின் மேல் அச்சிட்ட சொல்லுக்கும் அதே நெறிதான் என்று குழுவில் சொன்னேன்.

'ரை' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. மொழியியல் நண்பர்கள் விரும்புவார்கள். ரை என்னும் தானியத்துக்கும் இப்புல்லுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. பழைய ஆங்கிலப் பெயர் 'ரே' புல். லோலியம் இனத்தைச் சேர்ந்த ஒரு வயற்களைக்கு 'ரே' என்று பெயர் இருந்தது. கோதுமையின் நடுவே பகைவன் விதைத்ததாக விவிலியம் கூறும் களை அதுவே என்று பலர் கொள்வர். 'ரே' வழக்கொழிந்தபின், மக்கள் தமக்குத் தெரிந்த 'ரை'யாக அதை மாற்றிக்கொண்டார்கள். மக்கள் சொற்பிறப்பியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. விதை வணிகர் சிலர் இன்றும் இதைத் தானியப் புல் என்று சொல்லி விற்பதை நேரில் கேட்டிருக்கிறேன்.

பல்லாண்டுப் புல்லும் ஆறு மாதத்தில் மடியும் என்று தெரிந்ததும் குழு மறுமுனைக்குச் சாய்ந்தது. எப்படியும் மடிவதுதானே, எல்லா இடத்திலும் மலிவான ஓராண்டு விதையே போதும் என்றார்கள். இங்கேதான் வளாகத் தோட்டக்காரரின் அறிவு எங்களுக்குத் துணைநின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர். நாங்கள் 'சாச்சா' என்று அழைப்போம். குழுவில் அவருக்கு இடமில்லை. ஆதலால் நான் திடலில் அவரிடம் கேட்டுக் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். "பேட்டா, கண் போகிற இடத்துக்கு எந்த விதையும் போதும். கால் போகிற இடத்துக்கு நல்ல விதை வேண்டும்" என்றார்.

இதற்குள் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. உறங்கும் அறுகை யாரும் மிதிக்காவிட்டால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை. பழுப்பாக இருந்துவிட்டுப் பங்குனியில் தானே துளிர்க்கும். மிதித்தால்தான் கேடு. உறங்கும் செடியால் கிழிந்த இலையை ஈடுசெய்ய இயலாது, மேல்தண்டு தேய்ந்து மண் வெளிப்படும், மண் இறுகும். கால்பந்துக் காலமும் அறுகின் உறக்கமும் ஒன்றாகவே வருகின்றன. முதலில் வழுக்கையாவது கோல் முகப்பு. இதற்கு முந்தைய குளிர்காலத்தில் எங்கள் கோல் கீப்பர், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, கல்லாய் இறுகிய அந்தத் தரையில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பருவத் தேர்வைச் சொல்வதெழுதுபவர் துணையுடன் எழுதினாள். அந்தக் கையெழுத்து அவளுடையதன்று; வாக்கியங்களும் பாதிதான் அவளுடையவை என்று பின்பு சொன்னாள். நான் விதையின் விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தேர்வுத்தாள்தான் என் நினைவில் இருந்தது.

கணக்கையும் காட்டினேன். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழுத்திடல் 7,140 சதுர மீட்டர். விளையாட்டுத் திடலுக்குச் சதுர மீட்டருக்கு 50 கிராம் என்ற குறைந்த அளவை வைத்தாலும் 357 கிலோ விதை வேண்டும். இரண்டு பெனால்டி பரப்புகள் மட்டும் என்றால் ஏறத்தாழ 1,330 சதுர மீட்டர். 67 கிலோ போதும். தண்ணீரையும் பாருங்கள். முளைக்கும் வரை நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தெளித்தால் முழுத்திடலுக்கு 35,700 லிட்டர். பெனால்டி பரப்புகளுக்கு 6,650 லிட்டர். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே இருக்கும் ஊரில் இந்த வேறுபாட்டைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. ஆகவே என் முன்மொழிவு இது: பெனால்டி பரப்புகளுக்கு நல்ல பல்லாண்டு ரை விதை, திடலின் மற்றப் பகுதி அறுகாகவே உறங்கட்டும், நிர்வாகக் கட்டடத்தின் முன்னுள்ள புல்வெளிக்கு விதையே வேண்டாம், அங்கே நடக்கத்தான் தடையாயிற்றே.

கடைசி வரியில்தான் வழக்கு மூண்டது. பட்டமளிப்பு விழா குளிர்காலத்தில் வருகிறது. முதன்மை விருந்தினர் வரும் வழியில் புல் பழுப்பாக இருக்கலாமா? அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் திடல் ஏப்ரல் மாதப் போட்டியில் தொலைக்காட்சியில் மரகதமாய்த் தெரிவதை ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். அந்தப் பச்சையும் அறுகின்மேல் ஆண்டுதோறும் தெளிக்கப்படும் பல்லாண்டு ரை புல்தான். அத்திடலைக் கோடை முழுவதும் மூடிவைக்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. இறுதியில் குழு ஒரு நடுவழி கண்டது: முன்புல்வெளிக்கு ஓராண்டு விதை, ஒரு கோல் முகப்புக்கு மட்டும் பல்லாண்டு விதை, மற்றொன்று 'அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்'.

தெளிப்பு நடந்தது. சாச்சாவின் முறையைக் குறித்துவைத்திருக்கிறேன். தெளிப்புக்கு மூன்று வாரம் முன்னரே தழைச்சத்து இடுவதை நிறுத்திவிட்டார்; அறுகு வீறுகொண்டு எழுந்து நாற்றை நெரிக்கக் கூடாது என்பதற்காக. இரவில் மின்விசிறியை நிறுத்தத் தோன்றும் வாரமே விதைக்கும் வாரம் என்பது அவர் கணக்கு. மண்ணின் வெப்பம் 22, 24 டிகிரிக்கு இறங்கும்போது தெளிக்க வேண்டும் என்று நூல்கள் சொல்வதும் ஏறக்குறைய அந்த நாள்களைத்தான். முந்தினால் அறுகு வெல்லும், நாற்றழுகலும் வரும். பிந்தினால் முளைப்பு மந்தமாகும். புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரி எடுத்து, விதையை இரு பங்காக்கி ஒரு பங்கை வடக்குத் தெற்காகவும் மறு பங்கைக் கிழக்கு மேற்காகவும் தெளித்தார். மேலே மெல்லிய மணல் தூவிச் சாக்கை இழுத்துச் சமன் செய்தார். விதை மண்ணைத் தொட வேண்டும், புல்லின்மேல் தொங்கக் கூடாது. நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிதளவே தண்ணீர். ஏழாம் நாள் மண்ணில் பச்சை நூலிழைகள் தெரிந்தன. நான்கு வாரம் அந்த முனையில் யாரும் கால்வைக்கவில்லை.

குளிர்காலம் முழுவதும் அந்தக் கோல் முகப்பு தாங்கியது. மறுமுனை தை மாதத்திலேயே வழுக்கையாயிற்று. இடைவேளைக்குப் பின் முனை மாறும்போது எங்கள் கோல் கீப்பர்கள் முழங்கைக்கும் இடுப்புக்கும் கூடுதல் காப்பு அணிந்துகொள்வார்கள்.

வசந்தத்தில் இன்னொரு வேலை இருந்தது. விதைப்பதைவிட இது கடினம். ரை புல் தானாக வெயிலில் மடியும் என்று காத்திருந்தால், அது தண்ணீரையும் ஒளியையும் பிடித்துக்கொண்டிருக்கும் நாள்களில் அடியிலுள்ள அறுகு மெலியும். பின்பு ஒரே வாரத்தில் ரை மடிய, எதுவும் இல்லாத மண் மிஞ்சும். ஆண்டுதோறும் போட்டியில்லாத நூறு நாள் வளர்ச்சியாவது அறுகுக்கு வேண்டும் என்பது திடல் பராமரிப்பில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வெளிநாட்டுத் திடல்களில் ரை புல்லை மட்டும் கொல்லும் களைக்கொல்லியை அடிப்பார்கள். சாச்சா மாசி இறுதியிலிருந்து படிப்படியாகத் தாழ வெட்டி ஒளியைக் கீழே இறக்கினார். இரவுகள் வெதுவெதுப்பானபின் அறுகுக்கு உரமிட்டார். வைகாசியில் திடல் முழுவதும் அறுகாக இருந்தது.

வெட்டிய புல்லை அவர் அருகிலுள்ள மாட்டுக் கொட்டிலுக்குக் கொடுப்பது வழக்கம். பல்லாண்டு ரை புல்லுக்குள் எபிகுளோயி என்ற பூஞ்சை வாழக்கூடும். புல்தரை விதைகளில் அதை விரும்பியே சேர்ப்பதும் உண்டு, பூச்சிகளைத் தடுக்கும் என்பதால். அதே பூஞ்சையின் நஞ்சு மாடுகளைத் தள்ளாட வைக்கும். விதைக்குப் பூஞ்சைக்கொல்லி பூசியிருந்தால் அதுவும் தீவனத்திற்கு ஆகாது. பையின்மேல் இவை பற்றி ஒரு வரியும் இல்லை. விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டோம், விடை வரும்வரை கொட்டிலுக்குப் புல் போகவில்லை. ஒப்பந்தக் குறிப்பில் இக்கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திற்கு எழுதியிருக்கிறேன். கூட்டத்திற்குச் சாச்சாவை அழைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

இது சிறிய செய்தி என்று தோன்றலாம். 2023 மார்ச்சில் தரம்சாலாவில் நடக்கவேண்டிய இந்தியா–ஆஸ்திரேலியா மூன்றாம் டெஸ்ட் போட்டி இந்தூருக்கு மாற்றப்பட்டது. கடுங்குளிரால் வெளித்திடலில் போதிய புல்லடர்த்தி இல்லை என்பதே வாரியம் கூறிய காரணம். பன்னாட்டு ஆட்டக்காரர்களுக்குப் புல் இல்லையென்றால் ஆட்டம் இடம் மாறுகிறது. பல்கலைக்கழக அணிகளுக்கு மாற வேறு இடம் இல்லை. இருக்கிற தரையில்தான் விழ வேண்டும்.

இந்த ஆண்டுக்கான கூட்டம் அடுத்த வாரம். இரண்டாம் கோல் முகப்புக்கான 34 கிலோ விதையை மறுபடி கேட்கப்போகிறேன். வட இந்திய வளாகங்களில் இருக்கும் நண்பர்கள் தங்கள் திடல் குழுவில் மூன்றைக் கேட்டுப்பாருங்கள்: விதை எந்த இனம், எந்த மாதம் மடியும், யார் கால்வைக்கும் இடத்தில் விழப்போகிறது. கிடைத்த விடைகளைக் கீழே எழுதினால் கூட்டத்திற்கு எடுத்துச் செல்வேன். 'ஊடுதெளிப்பு' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் அதையும் எழுதுங்கள். படுகை மாவட்டத்தார் விடையை முதலில் எதிர்பார்க்கிறேன்.